பேர் சொல்லாமல் போன தம்பிக்கு நன்றி

உப்புவெளியில் எங்கள் வாசிகசாலைக் கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றித் தந்துவிட்டு, பேரும் சொல்லாமல் போய்விட்டீர்கள் தம்பி. திருக்கோணமலையில் எங்கிருந்தாலும் இது உங்கள் கண்ணில் படட்டும்.

பழைய கணினி: கோர் 2 டுவோ செயலி, 2 ஜிபி றாம் (தற்காலிக நினைவகம்). மின்ட் எழுதிய பென் டிரைவைப் போட்டால் எழும்பவே இல்லை. பென் டிரைவில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் ஜிபிடி என்ற வட்டுப் பிரிப்பு முறையைத் தெரிவுசெய்து எழுதியதுதான் பிழை என்று பார்த்தவுடனே சொன்னீர்கள். கணினியை எழுப்பும் புதிய மென்பொருளான யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயோசுக்கு எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் எழுத வேண்டும்.

அடுத்து நிறுவல் பாதியில் நின்றது. வேறு யாரும் என்றால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் றாமைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டீர்கள். பிழை 0 என்று வந்த பிறகுதான் மறுபடி தொடங்கினீர்கள். உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்னும் என்று தெரியும், றாமையும் தின்னும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அதற்கெல்லாம் முன்பே பிள்ளைகளின் கோப்புகளை வெளி டிஸ்க்கில் படியெடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி.

கடைசியில் புதுப்பிப்பு மறுத்தது. பயோஸ் கடிகாரம் பல வருடம் பின்னால் நின்றால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது. அந்தக் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 பற்றரி, 3 வோல்ட், ஒன்றை மாற்றியதும் சரி.

மின்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடுகிறது. ஃபயர்பாக்ஸில் நாலைந்து பக்கம் திறந்தால்தான் திணறல். நீங்கள் சொன்னபடி டிடிஆர்2 வகை 2 ஜிபி றாம் துண்டு தேடுகிறோம். இந்தப் பக்கம் வந்தால் கட்டாயம் எட்டிப் பாருங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.