மோனாய்டை முதல் வாரத்திலேயே நடத்துங்கள்

கணினி அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இணை நிரலாக்கத்தை த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை), லாக் (பகிர்ந்த தரவுக்கான பூட்டு) என்று மட்டுமே நடத்திவிட்டு, கணித அமைப்புகளையும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளையும் ஆராயும் கேட்டகரி தியரியைக் கடைசிப் பருவத்து விருப்பப் பாடமாக ஒதுக்கிவைக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து, மோனாய்டு என்ற இணைப்பு அமைப்பிலிருந்து தொடங்கி நடத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1945-இல் ஐலன்பெர்க்கும் மக்லேனும் இத்துறையைத் தொடங்கியது இடவியலுக்காக. நிரலாக்கத்துக்கு அது வந்த வழிகளில் மாணவர்கள் அறிந்தது ஒன்றுதான்: 1989-இல் மோஜ்ஜி, படிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் மோனாடைக் கொண்டு பக்கவிளைவுகளை (நிலை மாற்றம், உள்ளீடு, வெளியீடு போன்றவை) விளக்கினார், வாட்லர் அதை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் பக்கம் கொண்டுவந்தார். பேர்டும் மீர்ட்டன்ஸும் 1980-களில் வளர்த்த பட்டியல் இயற்கணிதம் (பட்டியல் நிரல்களை இயற்கணித விதிகளால் கையாளும் முறை) இன்னொரு வழி. செயலியின் பல கோர்களில் வேலையைப் பிரிப்பவருக்கு நேரடியாகக் கைகொடுப்பது இதுதான். இதைத்தான் பாடத்தில் காணோம்.

பட்டியலை எந்த இடத்தில் வெட்டினாலும், துண்டுகளின் விடைகளை இணைத்தால் முழுப் பட்டியலின் விடை வரவேண்டும். அப்படி வந்தால் அது ஹோமோமார்பிசம். சராசரி அப்படிப்பட்டதல்ல. 2, 4, 9 இவற்றின் சராசரி 5. [2, 4], [9] என்று வெட்டினால் சராசரிகள் 3, 9. அவற்றின் சராசரியோ 6. ஒவ்வொரு துண்டும் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் ஜோடியாகத் தரட்டும்: (6, 2), (9, 1). கூட்டினால் (15, 3). வகுத்தலைக் கடைசியில் ஒரே முறை செய்தால் 5 வந்துவிடும். இந்த ஜோடிகள் ஒரு மோனாய்டு: கூட்டலுக்குச் சேர்ப்புப் பண்பு உண்டு (அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை ஒன்றே), (0, 0) சமனி உறுப்பு (எதனோடு கூட்டினாலும் அதை மாற்றாது).

சமனியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மீப்பெரு எண்ணைத் தேடும்போது 0-வில் தொடங்கினால், எல்லாம் குறை எண்களாக உள்ள துண்டு 0 என்று பொய் சொல்லும். கூட்டலுக்குத் தொடக்க மதிப்பாக 10 கொடுத்து, வேலை நான்கு துண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் அதிலிருந்தே தொடங்கினால், விடையில் 10-க்குப் பதில் 40 கூடிவிடும். ஒரே த்ரெட்டில் ஓட்டிப் பார்த்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. விடைகளை வந்த வரிசையில் இணைப்பதானால் பரிமாற்றுப் பண்பும் (இடம் மாற்றினாலும் விடை மாறாமை) வேண்டும். சரங்களை ஒட்டும்போது அது இல்லை.

மோனாடை இதன் பிறகு நடத்தலாம். அதில் அடுத்த படி முந்தைய படியின் மதிப்பைப் பார்த்தே தீர்மானமாவதால், பொதுவாக வரிசையை மாற்ற முடியாது. 2008-இல் மெக்பிரைடும் பேட்டர்சனும் முன்வைத்த அப்ளிகேட்டிவ் என்ற அமைப்பில் அந்தச் சார்பு இல்லை. ஆகவே படிகளை இணையாக ஓட்ட இடமுண்டு.

ஆய்வகத்தில், ரெட்யூஸ் (பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் செயல்) எழுதுமுன் இணைக்கும் செயலையும் சமனியையும் மாணவர் எழுதிக் காட்டட்டும். சேர்ப்பு, சமனி ஆகிய இரு விதிகளையும் தற்போக்கு முழு எண்களால் சோதிக்கட்டும். மிதவைப்புள்ளி எண்களுக்கு மட்டும் பிழை வரம்பு வையுங்கள்: (0.1 + 0.2) + 0.3 என்பது 0.6000000000000001, 0.1 + (0.2 + 0.3) என்பது 0.6.

இப்படிக்கு,
இணை நிரலாக்கம் கற்பிப்போர்