மல்லாட்டை ஆயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், அன்றைக்கு வேலூர் கோட்டைப் பக்கம் எங்களோடு சேர்ந்து அலைந்த முகம் தெரியாத அத்தனை பேருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை வேலூர் கோட்டைக்குக் கூட்டிப் போன இடத்தில் எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் காணாமல் போய், மூன்று மணி நேரம் கழித்துக் கிடைத்த கதையை நான் மறுபடி விரிவாக எழுதப் போவதில்லை. தெரியாதவர்கள் யாரும் இல்லை. எனக்கே தெரியாத விவரமெல்லாம் சேர்ந்து வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பையன் நன்றாக இருக்கிறான். திங்கட்கிழமையே பள்ளிக்கு வந்துவிட்டான். சத்துணவில் முட்டையை முதலில் தின்றுவிட்டுச் சோற்றை மிச்சம் வைக்கிற பழக்கம்கூட மாறவில்லை. எனக்குத்தான் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் வரும்போது பேனா நின்று நின்று போகிறது.

தவறு என்னுடையது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி நடந்த நாள், புத்தகத்தில் சில பத்திகளில் முடிந்துவிடும். கோட்டைக்குள் நின்று சொல்லும்போது அப்படி முடிவதில்லை. புதுத் தலைப்பாகை, கடுக்கன் கூடாது, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவு, அடங்கிக் கிடந்த சிப்பாய்கள் விடிவதற்குள் எழுந்தது, சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். குதிரை போன வேகத்தில் நானும் போய்விட்டேன். அடுத்த இடத்துக்கு நகரும் முன் தலை எண்ணவில்லை. 37 பேரைக் கூட்டிப் போன ஒருத்தி 37 வரை எண்ணாமல் விட்டாள், அவ்வளவுதான் விஷயம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னியுங்கள். புகார் எழுதும் முன்பே தேட ஆள் அனுப்பிய காவல் துறையினருக்கு; என் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்து "குடிங்க டீச்சர், அப்புறம் பேசலாம்" என்ற பெண் காவலருக்கு; அகழிக்கரையில் கயிற்றோடு வந்து நின்ற தீயணைப்பு வீரர்களுக்கு (அந்தக் கயிற்றைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது, அது அவர்கள் தப்பில்லை); சவாரியை விட்டுவிட்டுத் தெருத் தெருவாகப் போன ஆட்டோ அண்ணன்களுக்கு; கோயில் வாசல் பூக்காரம்மாக்களுக்கு; தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் டிக்கெட் கேட்பதற்கு முன் "யார் கூட வந்தே?" என்று கேட்ட நகரப் பேருந்து நடத்துநருக்கு, ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாத தலைமை ஆசிரியருக்கு. கடைசியாகப் பையனின் அப்பாவுக்கு. வந்து இறங்கியதும் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "நீங்க இன்னும் சாப்பிடலையாமே" என்றார்.

இந்தப் பட்டியலில் சேர்க்காமல் ஒருவரை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். அவர் பையனைத் தேடவும் இல்லை, கண்டுபிடிக்கவும் இல்லை. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

தலைமை ஆசிரியரும் நானும் ஓட்டுநரும் ஆளுக்கொரு திசையில் ஓடியபோது, மீதி 36 பிள்ளைகளும் அகழியோரப் பூங்காவில் ஒரு மரத்தடியில் இருந்தார்கள். அவர்களோடு இருந்தது எங்கள் பள்ளியில் இந்த ஆண்டுதான் சேர்ந்த இளம் ஆசிரியை. அவரே அழுதுகொண்டிருந்தார். டீச்சர் அழுதால் பிள்ளைகள் கேட்பார்களா? முதலில் ஆறாம் வகுப்பு, பிறகு ஏழு, கடைசியில் மீசை அரும்பத் தொடங்கிய எட்டாம் வகுப்புப் பையன்கள் வரை ஒரே அழுகை. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. யாரோ செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

பத்தடி தள்ளி ஓர் ஆயா கடலை விற்றுக்கொண்டிருந்தார். கூடை நிறைய வறுத்த மல்லாட்டை, சூடு ஆறாமல் இருக்க அதன் நடுவில் சின்ன நெருப்புச் சட்டி, பக்கத்தில் அளந்து போட ஓர் ஆழாக்கு. இனி நான் சொல்வதெல்லாம் பிள்ளைகள் சொன்னது. 36 பேரும் 36 விதமாகச் சொன்னார்கள், பொதுவாக இருந்ததை எடுத்துக்கொண்டேன்.

ஆயா கூட்டத்தைப் பார்த்து, "இன்னா வேடிக்கை கீது இங்க? போங்கப்பா" என்றாராம். படம் எடுத்தவரிடம், "உன் வூட்டுப் புள்ளன்னா எடுப்பியா?" பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "அழுதா வந்துடுவானா அவன்? வருவான். வர்ற வரிக்கும் எனுக்கு வேலை செய்யுங்க. அல்லாரும் கை கழுவினு வந்து ஒக்காருங்க." கூடைக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் பழைய காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறார். என் சக ஆசிரியைக்கும் ஒரு வேலை கொடுத்தார். "நீ எண்ணிக்கினே இரும்மா. ஒரு வாட்டி எண்ணிட்டு உட்டுடாத. திரும்பத் திரும்ப எண்ணு."

இதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பி.எட். படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை அவர் கடலைக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளுக்கு அவர் கற்றுக்கொடுத்தது பொட்டலம் மடிப்பது. கேட்க அற்பமாக இருக்கும். நான் வீட்டில் முயன்று பார்த்தேன், வரவில்லை. காகிதத்தின் ஒரு மூலையைக் கட்டைவிரலில் வைத்து உள்பக்கமாகச் சுருட்ட வேண்டும். சுருட்டும்போது இறுக்கினால் வாய் குறுகிவிடும், தளர்த்தினால் கூம்பே வராது. நுனியை ஒரு முறுக்கு முறுக்கி மேலே மடக்க வேண்டும், அதற்கு ஆயா வைத்த பெயர் 'மூக்கு'. மூக்கு சரியில்லாத பொட்டலத்தை அவர் தூக்கிப் பிடித்துக் காட்ட, அடியில் உப்பு சிந்தும். "மூக்கு ஒழுவுது பாரு" என்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு குவியல், குவியலுக்குப் பின்னால் ஒரு பிள்ளை. எண்ணுவதும் சுலபமாகிவிட்டது.

காகிதங்களில் பாதி யாரோ எழுதிய பழைய கணக்கு நோட்டு. எட்டாம் வகுப்புக்காரர்கள் மடிப்பதை நிறுத்திவிட்டு அதைத் திருத்த ஆரம்பித்திருக்கிறார்கள். "ஆயா, இந்தக் கணக்கு தப்பு!" என்று ஒருவன் கத்த, "தப்புக் கணக்குல மடிச்சா கல்ல கசக்காது, நீ மடி" என்றாராம். அவரே ஒரு கணக்குப் போட்டார். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, ஆழாக்குக்கு ஒரு பொட்டலம், கூடையில் ஐந்து படி இருந்தால் எத்தனை பொட்டலம் மடிக்க வேண்டும்? லிட்டரும் மில்லிலிட்டரும் படித்த பிள்ளைகளுக்கு ஆழாக்கைக் கையில் வாங்கிப் பார்ப்பதே புதிதாக இருந்திருக்கிறது.

பிறகு விடுகதை. "மேல பூக்கும், கீழ காய்க்கும். இன்னாது?" எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு கேள்வியா? பாடப் புத்தகத்தில் நிலக்கடலை, கடைப் பலகையில் வேர்க்கடலை, எங்கள் வாயில் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து தேய்ந்து வடாற்காட்டில் அப்படி ஆயிற்று. 36 பேரும் ஒரே குரலில் கத்தியதும் ஆயா விடவில்லை. "மேல பூத்தது எப்படி மண்ணுக்குள்ள போவுது? நான் வித்தவதான், பயிர் வெச்சவ இல்ல. யார்னா சொல்லுங்க, கேக்கறேன்."

எழுந்தது யார் தெரியுமா? ஏழாம் வகுப்பில் கடைசி வரிசை. நான் கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். ஒன்றரை ஆண்டில் அவள் குரலை நான் வருகை சொல்லும்போது மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அவள் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள்: மஞ்சள் பூ வாடினதும் அதிலிருந்து ஒரு விழுது இறங்கும், அது மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே போய்த்தான் காய் பிடிக்கும், அதனால் அதற்கு முன்னாலேயே ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும், விழுது இறங்கின பிறகு களைக்கொட்டு வைத்தால் எங்க அம்மா அடிக்கும். ஆயா கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். "அப்புறம்?" "அப்புறம்?" என்று அவர் கேட்கக் கேட்க, அவள் விதைப்பு முதல் செடி பிடுங்கிக் காய் ஆய்வது வரை சொல்லி முடித்திருக்கிறாள். ஒன்றரை ஆண்டில் நான் அவளிடம் "அப்புறம்?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேனா என்று யோசித்தேன். கேட்டதில்லை.

நான் பார்த்தது கடைசி இருபது நிமிடம்தான். பையன் கிடைத்துவிட்டான் என்ற போன் வந்து ஓடி வருகிறேன். பிள்ளைகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆயா கோட்டைச் சுவரைக் காட்டி, சத்துவாச்சாரியிலிருந்து ஜலகண்டேஸ்வரரைக் கோயிலுக்குள் கொண்டு வந்து வைத்த நாளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை உள்ளே சாமி இல்லாத கோயிலாகவே பார்த்து வளர்ந்தவராம். அவருக்கு வருஷம் நினைவில்லை. அது 1981 மார்ச். நான் அன்றைக்கு 1806-ஐத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. அந்தக் கோட்டையைப் பற்றி, கண்ணால் பார்த்தவர் சொல்லி என் பிள்ளைகள் கேட்டது அந்த ஒன்றுதான்.

கடலைக்குக் காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "ஒரு படிக்கு மேல துன்னுட்டாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா நாலு நாளைக்குப் பொட்டலம் மடிச்சுக் குடுத்துட்டாங்களே. கூலிக்கும் கல்லைக்கும் சரியாப் போச்சு" என்றார். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தை வகுப்பில் நடத்துகிற சமூக அறிவியல் ஆசிரியை நான். அந்தக் கூலிக் கணக்கு மட்டும் காதில் விழாததுபோல் இருந்துவிட்டேன்.

அவர் பெயரைக் கேட்க மறந்தேன். எண்ண மறந்தவள் பெயர் கேட்க மறந்ததில் ஆச்சரியமில்லை.

இனிமேல் பிள்ளைகளை எங்கேயும் கூட்டிப் போக வேண்டாம் என்று சில பெற்றோர் சொல்லியிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. அந்த மூன்று மணி நேரத்தை நான் இருந்து பார்த்தவள், உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் போவோம் என்றுதான் சொல்வேன். இனி இரண்டிரண்டு பேராக ஜோடி. ஜோடியில் ஒருவர் இல்லை என்றால் மற்றவர் விசில் ஊத வேண்டும். மணிக்கட்டில் பேனாவால் போன் நம்பர். பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், போதவில்லை என்றால் பெற்றோரே வாருங்கள். நகரும் முன் எண்ணிக்கை, நகர்ந்த பின் எண்ணிக்கை. அடுத்தது ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து பிள்ளைகள் என்னை விடவில்லை. மலைப்பாதை, பொழுது சாய்ந்துவிடும், இருட்டில் தலை எண்ணுவது கஷ்டம், எல்லாம் தெரியும். டார்ச் வாங்கிவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்னப் பயணம். பிள்ளைகள் வீட்டுக்கு வீடு போன வருஷத்து நோட்டுகளைச் சேர்க்கிறார்கள். ஆயாவுக்குக் காகிதம். அலுவலறை ஓரத்தில் ஒரு சிமெண்ட் சாக்கு நிரம்பிவிட்டது. சிவப்பு மையில் சுழி வாங்கிய பக்கங்களை மட்டும் சிலர் ரகசியமாகக் கிழித்து எடுத்துக்கொள்கிறார்கள், நானும் பார்த்தும் பார்க்காமல் போகிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்குச் சாக்கோடு போகிறோம். தலைமை ஆசிரியரும் நானும் நாலு பிள்ளைகளும் மட்டும்.

நாலு பேர் யார் என்பதற்குச் சீட்டுக் குலுக்கலாம் என்றேன். நம் பையன் எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் பொட்டலம் மடிக்கத் தெரிகிறதாம், அவனுக்கு மட்டும் தெரியவில்லையாம். சொல்லிக்கொடுக்கச் சொன்னால் "அன்னிக்கு நீ எங்க போனே?" என்று கேட்கிறார்களாம். அதனால் அவனைச் சீட்டில் சேர்க்காமல் நேராகக் கூட்டிப் போக வேண்டுமாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். அவனுடைய அப்பாவும் வருகிறார்.