வளைத்து விற்கப்படும் பெட்ரோல் பைப் தொகுப்பு பற்றிய புகார்: லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 109 ஸ்டேஷன் வேகன்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். பொருள் சேவை வரி உட்பட 348 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து உங்களிடம் சென்ற மாதம் ஒரு துருப்பிடிக்காத எஃகு பெட்ரோல் பைப் தொகுப்பு வாங்கினேன். ரசீதையும் படங்களையும் இணைத்திருக்கிறேன். இந்தத் தொகுப்பை வண்டியில் பொருத்த முடியாது. முயன்று பொருத்தினாலும் அது ஆபத்து. முழுப் பணமும் எனக்குத் திரும்ப வேண்டும். அதற்கும் முன்னால், இதே தொகுப்பை வாங்கிய மற்றவர்களை நீங்கள் உடனே தொடர்புகொள்ள வேண்டும். ஏன் என்பதை அளவுகளோடு கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் உங்கள் பொருத்தும் தாளின் கடைசி வரி. பைப்பைவிட எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். "இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். எங்கும் சொட்டவில்லை என்றால் வேலை முடிந்தது" என்று போட்டிருக்கிறீர்கள். இந்த வண்டியில் டேங்க் பின்னால் இருக்கிறது. பம்ப் முன்னால், இன்ஜின் மேலேயே, கேம்ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு தள்ள, உள்ளே ஒரு சவ்வு அசைந்து உறிஞ்சும் டயாஃப்ரம் பம்ப். டேங்க்கிலிருந்து பம்ப் வரை பெட்ரோலை யாரும் தள்ளுவதில்லை, பம்ப்தான் உறிஞ்சுகிறது. ஆகவே இன்ஜின் ஓடும்போது அந்தப் பைப்புக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. இணைப்பு தளர்வாக இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். உங்கள் சோதனையில் மோசமான இணைப்பும் பாஸ் ஆகிவிடும்.

தெரியவருவது பிறகுதான். மேட்டில் ஏறும்போது இன்ஜின் திணறும், கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டம் இறங்கும். வண்டியை நிறுத்தி வைத்த பிறகோ, டேங்க் நிறைந்திருந்தால் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஓரத்து இணைப்பு பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே இருக்கும். பைப்பில் ஏற்கெனவே நிறைந்து நிற்கும் பெட்ரோல் தானாக இழுத்துக்கொண்டு அங்கே சொட்ட ஆரம்பிக்கும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் பதிந்த வண்டிகள் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரும். மீதி நாளெல்லாம் பெரும்பாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பின் பலமாடி கார் நிறுத்துமிடத்தில்தான் நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு படிந்து கிடக்கும். பக்கத்தில் நிற்பது அடுத்த குடும்பத்தின் கார். இந்த ஒரு வரிக்காகவே அந்தத் தாளைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உறிஞ்சும் பைப்பை உறிஞ்சித்தான் சோதிக்க வேண்டும். டேங்க் பக்க முனையை அடைத்துவிட்டு, பம்ப் பக்க முனையில் மானியுள்ள கை வெற்றிடப் பம்பைப் பொருத்தி, வெற்றிடத்தைப் பாதரச அளவில் 10 அங்குலம் வரை இழுத்து 10 நிமிடம் விட வேண்டும். முள் அசையக்கூடாது. அசைந்தால் ஒவ்வோர் இணைப்பாகத் தனியே அடைத்துப் பார்த்தால் எது என்று அகப்பட்டுவிடும். உங்கள் தொகுப்பைத் தாளில் சொன்ன முறையிலேயே இணைத்து இதைச் செய்தபோது, முள் 2 நிமிடத்தில் 10-லிருந்து 4-க்கு இறங்கியது. நட்டுகளை இன்னும் கால் சுற்று இறுக்கியும் பயனில்லை.

காரணம் ஆலிவ். நட்டுக்குள் உட்காரும் அந்தப் பித்தளை வளையம், செம்பு போன்ற மிருதுவான பைப்பின் மேல் அழுந்தும்போது பைப்பும் கொஞ்சம் இடம் கொடுக்கும், இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நீங்கள் கொடுத்திருப்பது கடினமான எஃகு பைப். பித்தளை அதைக் கடிக்காது, வழுக்கும். கழற்றிப் பார்த்தேன். ஆலிவ் உட்கார்ந்த இடத்தில் பைப்பின் மேல் ஒரு பள்ளம்கூட விழவில்லை, பித்தளையின் மஞ்சள் பூச்சு மட்டும் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. இந்தப் பைப்புக்கு எஃகிலேயே செய்த இரட்டை வளைய இணைப்பு வேண்டும், அல்லது முனையை முறையாக விரித்து அதற்கேற்ற நட்டு வேண்டும். பித்தளை ஆலிவ்தான் தருவோம் என்றால் பைப்பைச் செம்பு-நிக்கலுக்கு மாற்றுங்கள். 90/10 செம்பு-நிக்கல் நம் ஊர் ஈரத்துக்கும் கடல் காற்றுக்கும் நன்றாகத் தாங்கும், கையோடு வளையும், ஆலிவையும் பிடிக்கும். விளம்பரத்தில் எஃகு பளபளப்பது வேறு விஷயம்.

அடுத்தது வளைவுகள். தொகுப்பில் முன் துண்டு, பின் துண்டு என்று இருப்பதில், பின் துண்டை நேராக்கினால் சுமார் 1.9 மீட்டர். அது வந்த அட்டைப்பெட்டி 1.1 மீட்டர். பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக நடுவில் U போல மடித்து அனுப்பியிருக்கிறீர்கள். தாளில் "மடிப்பைக் கையால் நேராக்கவும்" என்று ஒரு வரி. துருப்பிடிக்காத எஃகு வளைக்கும்போதே இறுகும் உலோகம். ஒருமுறை வளைந்த இடம் மற்ற இடத்தைவிடக் கெட்டியாகிவிடும். திருப்பி நிமிர்த்தினால் அந்த இடம் நிமிராமல் அதற்கு இரு பக்கமும் உள்ள மிருதுவான பகுதிகள்தான் வளையும். கடைசியில் நேர்க்கோட்டுக்குப் பதில் நடுவில் ஒரு கூனும் இரு பக்கமும் இரண்டு அலையும் கிடைக்கின்றன.

அந்தக் கூனில் பைப்பின் வெளி அளவு ஒரு திசையில் 5.2 மி.மீ., மறு திசையில் 10.2 மி.மீ. வட்டமாக 8 மி.மீ. இருக்க வேண்டிய பைப் இது. சுவர்த் தடிமன் 0.9 என்பதால் உள் விட்டம் 6.2 இருக்க வேண்டும், அங்கே இருப்பது 3.4. ஒரு 5.5 மி.மீ. எஃகுக் குண்டை உள்ளே போட்டுக் காற்று ஊதினேன். முன் துண்டில் டக்கென்று மறுமுனைக்கு வந்தது. பின் துண்டில் கூன் வரை உருளும் சத்தம் கேட்டது, அங்கேயே நின்றுவிட்டது. இந்தக் குறுகல் மட்டுமே 2.25 லிட்டர் இன்ஜினைப் பட்டினி போட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. பரப்பில் ஏறக்குறைய கால் பங்குதான் போயிருக்கிறது. ஆனால் கூனின் உட்பக்கத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறது. டேங்க்கிலிருந்து வரும் துரு அங்கே தங்கும். இறுகிப்போன உலோகம் அதிர்வில் முதலில் விரிசல் விடுவதும் அங்கேதான்.

குறுகலோடு சூடும் சேர்ந்தால் நிலைமை வேறு. உங்கள் வளைவுகளை அப்படியே சேஸில் வைத்தால் பைப் சைலன்சருக்கு 18 மி.மீ. பக்கத்தில் போகிறது. குறைந்தது 50 மி.மீ. இடைவெளி விட வேண்டும், முடியாத இடத்தில் நடுவே ஒரு தகடு வைக்க வேண்டும். அழுத்தம் குறைந்த இடத்தில் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். பைப் முழுதும் உறிஞ்சலில் இருக்கும்போது, வழியில் ஒரு தடையும் பக்கத்தில் ஒரு சைலன்சரும் இருந்தால், மாலை ஆறு மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் பைப்புக்குள் ஆவி கட்டும். டயாஃப்ரம் பம்ப் திரவத்தைத்தான் தள்ளும். ஆவியை அமுக்கி விடும், அமுக்கி விடும், கார்புரேட்டருக்கு ஒன்றும் போகாது. வண்டி நடுவழியில் நிற்கும்.

சைலன்சர் ஏன் இவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று தேடியபோதுதான் உங்கள் பட்டியலில் உள்ள பிழை தெரிந்தது. "109 எல்லா மாடலுக்கும்" என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு பைப் இருக்க முடியாது. 109 பிக்கப்பில் டேங்க் முன் இருக்கைக்கு அடியில். 109 ஸ்டேஷன் வேகனில் டேங்க் வண்டியின் பின்பகுதியில். இரண்டுக்கும் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) ஒன்றுதான், 109 அங்குலம், அதாவது 2769 மி.மீ., ஆனால் பைப் ஓடும் தூரமும் பாதையும் வேறு. முன் துண்டின் வளைவுகள் இருக்கைக்கு அடியில் உள்ள டேங்க்கைத் தேடிப் போகின்றன. பின் துண்டை அதோடு ஒரு நீட்சியாக ஒட்டியிருக்கிறீர்கள். அதனால் சேஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டி நிற்கும் தாங்கியான அவுட்ரிகரைச் சுற்ற வேண்டிய இடத்தில் வளைவு 70 மி.மீ. முன்னாலேயே வந்துவிடுகிறது, அங்கிருந்து எல்லாம் விலகிப் போகிறது. ஒரு வளைவு இடம் தவறினால் அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொன்றும் தவறும். வளைத்த பைப்பில் மிச்சம் மீதி சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் கவுன்டரில் இதைச் சொன்னபோது, "கொஞ்சம் கையால் வளைத்தால் உட்கார்ந்துவிடும்" என்று பதில் வந்தது. அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் குறையில்லை. ஆனால் கையால் வளைப்பதாக இருந்தால் 25 அடி செம்பு-நிக்கல் சுருள் ஒன்றும் ஒரு வளைப்பானும் போதும், இதில் பாதிச் செலவுகூட ஆகாது. வளைவு சரியான இடத்தில் இருக்கும் என்பதற்குத்தான் நான் 348 வெள்ளி கொடுத்தேன். பைப்பை எங்கும் வாங்கலாம். நீங்கள் விற்பதாகச் சொல்வது வளைவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பர் ஹோஸ் ஏறும் முனைகளில் புடைத்த வளையம் இல்லை, ரம்பத்தால் அறுத்தது அறுத்தபடி இருக்கிறது. அந்தப் புடைப்பு இருந்தால்தான் கிளாம்ப் அதற்குப் பின்னால் நின்று ஹோஸைப் பிடிக்கும். வழுவழுப்பான முனையில் ஹோஸ் நாளடைவில் நழுவும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் ஆடுவதால் சேஸுக்கும் பம்புக்கும் நடுவே ஹோஸ் இல்லாமல் முடியாது, ஆகவே இதை விருப்பம் என்று விட்டுவிட முடியாது. கொடுத்திருக்கும் கிளாம்ப்கள் 12 முதல் 20 மி.மீ. வரையிலான துளையிட்ட பட்டை வகை. வெளி விட்டம் 14 மி.மீ. உள்ள ஹோஸில் அவை வட்டமாக இறுகாமல் முட்டை வடிவமாகின்றன, துளைகளின் ஓரம் ரப்பரை அறுக்கிறது. ஓரம் மடித்த சிறிய கிளாம்ப் வேண்டும். ஹோஸின் மேல் எந்தத் தரக் குறியும் அச்சிடப்படவில்லை. எரிபொருள் ஹோஸுக்கான தரக் குறியான எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று ஹோஸிலேயே அச்சிட்டிருந்தால்தான் வாங்குபவர் நம்ப முடியும். கிட்டத்தட்ட 3 மீட்டர் பைப்புக்கு நான்கே கிளிப்கள், அவற்றிலும் ரப்பர் உறை இல்லை. 30 முதல் 40 செ.மீ.க்கு ஒன்று வேண்டும், ரப்பரோடு. வெறும் தகடு அதிர்வில் பைப்பை அரித்துவிடும்.

பைப்புக்குள் அறுத்த தூளும் இருந்தது. மீன்பிடி நைலான் நூலில் வெள்ளைத் துணியைக் கட்டி ஒருமுறை இழுத்தேன், கரியைத் துடைத்ததுபோல வந்தது. விரலில் தேய்த்தால் நெருநெருவென்று உலோகத் துகள். நான்காவது முறைதான் துணி வெள்ளையாக வந்தது. கழுவாமல் பொருத்தியிருந்தால் அந்தத் துகள் பம்பின் வால்வுகளுக்கும் கார்புரேட்டர் ஜெட்டுக்கும் போயிருக்கும். பொருத்தும் முன் உள்ளே கழுவி ஊதவேண்டும் என்று உங்கள் தாளில் எங்கும் இல்லை.

நான் கேட்பவை இவை. 348 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். மாற்றுத் தொகுப்பு வேண்டாம், இதே அச்சில் வளைத்த இன்னொன்றும் இதே இடத்தில்தான் தவறும். இதை வாங்கிய எல்லாருக்கும் எழுதி, பொருத்தியிருந்தால் வெற்றிடச் சோதனை செய்யும் வரை வண்டியை மூடிய இடத்தில் நிறுத்த வேண்டாம் என்று தெரிவியுங்கள். பட்டியலில் "எல்லா மாடலுக்கும்" என்பதை எடுத்துவிட்டு, டேங்க் எங்கே இருக்கிறது என்று வாங்குபவரிடம் கேட்டு விற்கவும். நீளமான துண்டை மடிக்காமல் இரண்டாக வெட்டி, முறையான இணைப்போடு அனுப்பலாம். பெட்டி அளவுப் பிரச்சினைக்கு அது போதும்.

பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்த குறை என்றுதான் நம் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. 14 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும், தேவைப்பட்டால் சிறு உரிமைகோரல்கள் நடுவர் மன்றத்திடமும் போவேன். அது எனக்கு விருப்பமான வழி அல்ல. பழைய லேண்ட் ரோவருக்கு உதிரிப் பொருள் தேடுபவர்களுக்கு இந்த ஊரில் கடைகள் குறைவு. உங்கள் கடை சரியாக நடக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

தொகுப்பு முழுவதையும் கழுவித் துடைத்து அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். எஃகுக் குண்டு இன்னும் பின் துண்டுக்குள்தான் இருக்கிறது. அதை எடுக்காமல் அப்படியே உங்கள் பணிமனையில் காட்டுங்கள். வார நாள்களில் மாலை ஆறு மணிக்கு மேல் யாரையாவது அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன். அளவெடுத்த படங்களில் வெர்னியர் காலிப்பரின் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. சந்தேகம் இருந்தால் அவர் முன்னாலேயே மறுபடி அளந்து காட்டவும் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், 11 படங்கள், பொருத்தும் தாளின் நகல்