அத்தானிடம் நீதான் பேச வேண்டும்

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் மகளுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே மாற்றல் கிடைத்துவிட்டது என்று அறிந்து மகிழ்ந்தேன்.

இப்போது எழுதுவது பாக்கியம் அக்காவைப் பற்றி. தை மாதம் அவருக்கு விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்து மாதக்கணக்காகியும் வலி போகவில்லை. சேலை உரசினாலே துடிக்கிறார். முந்தானையை இரண்டு விரலால் விலாவை விட்டு விலக்கிப் பிடித்தபடியே வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால், துபாயிலிருந்து பேரன் கைப்பேசியில் முகம் காட்டிவிட்டால் போதும், முந்தானை எங்கே கிடக்கிறது என்ற நினைவே இல்லாமல் சிரித்துப் பேசுகிறார். இதைக் கண்ட அத்தான் "எல்லாம் நடிப்பு" என்று தீர்ப்பளித்துவிட்டார். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பது உனக்குத் தெரியாததா?

நான் மேல்முறையீடு செய்வதென்று முடிவெடுத்துப் படிக்கத் தொடங்கினேன். எந்தச் சிரிப்பை நடிப்புக்குச் சாட்சியாக அத்தான் காட்டுகிறாரோ, அதுவேதான் அக்காவின் கட்சிக்குச் சாட்சி. உடம்பிலிருந்து நரம்பு கொண்டுவருவது செய்தி மட்டுமே. அதை வலியாக்குவது மூளை. அந்தச் செய்தி தண்டுவடத்தை எட்டும் இடத்திலேயே அதை மேலே விடுவதா, மட்டுப்படுத்துவதா என்பது தீர்மானமாகிறது என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் எழுதினார்கள். அவர்கள் வரைந்த படத்தில் சில பகுதிகள் பின்னர் திருத்தப்பட்டாலும், மூளை மேலிருந்து கீழே கட்டளை அனுப்பி வலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பது நிலைத்துவிட்டது. 1969-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலியின் நடுமூளையில் ஒரு சிறு பகுதியை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே, மயக்க மருந்து இல்லாமல் அதன் வயிற்றில் அறுவை செய்திருக்கிறார். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் பன்றி மூளையிலிருந்து, அபினைப் போலவே வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரின் இத்தாலியப் போர்முனையில் கடுமையாகக் காயம்பட்ட வீரர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், கேட்டபோதும் வலிமருந்து வேண்டாம் என்றதாக பீச்சர் என்ற மருத்துவர் 1946-இல் பதிவு செய்தார். அவர்களை நடிகர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பேரன் முகத்தைக் கண்டு அக்கா வலியை மறந்தால் மட்டும் நடிப்பாகிவிடுமா?

எனக்கு ஆற்றாமை வேறொன்றில். சின்னம்மைக் கிருமி பல்லாண்டுகள் நரம்பு வேரில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக எழுகிறது. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் கிருமிக்கு எதிரான மாத்திரையைத் தொடங்குவது நல்லது என்கிறார்கள். அத்தானோ முதலில் குயவரான வேளாரிடம் அழைத்துப் போய்க் காவியால் அக்கி எழுத வைத்தார். எழுதிய அன்று இரவு சற்றுத் தூங்கினேன் என்று அக்கா சொல்வதை நான் நம்புகிறேன். கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களுக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்த, மருந்துச் சத்தே இல்லாத ஒன்றால் கிடைத்த ஆறுதல், மூளையின் அபின் போன்ற பொருள்களைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் மறைந்தது என்று 1978-இல் லெவைன் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் காட்டினார்கள். ஆகவே நம்பிக்கை தரும் ஆறுதல் பொய்யில்லை. ஆனால் அது கிருமியைக் கொல்லாது. சேதமான நரம்பு ஓயாமல் பொய்ச்செய்தி அனுப்ப, தண்டுவடத்து நரம்பணுக்கள் கூர்மையேறிப்போய், துணி படுவதையும் வலி என்றே மேலே சொல்கின்றன.

இதற்குத்தான் மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தார். அத்தான் அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடி, மனச்சோர்வு மாத்திரை என்று கண்டு, "பார்த்தாயா, டாக்டருக்கே தெரிந்திருக்கிறது" என்று அட்டையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். மூளையிலிருந்து இறங்கி வலியை அடக்கும் அதே பாதைக்கு வலுவூட்டத்தான், குறைந்த அளவில், நரம்பு வலிக்கு அதைக் கொடுக்கிறார்கள். வாய் உலரும், எழுந்தால் தள்ளாடலாம். அக்காவின் வயதுக்குக் கவனம் தேவைதான். அதை மருத்துவரிடம் கேட்க வேண்டுமே தவிர, பரணிடம் கேட்கக் கூடாது.

நான் சொன்னால் மச்சான் வாய் என்று தள்ளிவிடுவார். நீ சொன்னால் கேட்பார். அந்தப் பாக்கியம் உனக்கு எப்படிக் கிடைத்ததோ! மாத்திரை அட்டையோடு அக்காவை அதே மருத்துவரிடம் மறுபடி அழைத்துப் போகச் சொல். ஞாயிற்றுக்கிழமை அவர் செய்தித்தாள் படித்து முடித்த பிறகு கூப்பிடு. அதற்கு முன் கூப்பிட்டால் காரியம் கெட்டது.

உன்,
கோபால்