திதி தெரியாத நாட்குறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்து வருகிறேன். அண்டா குண்டான் வாடகைக்குக்கூடக் கிடைக்கும். தேதி நோட்டு தொலைந்தால் எங்கள் தொழிலே போயிற்று. ஒன்றரை வருடத்துக்கு முன் என் மகள் அந்த நோட்டை, இணையத்தில் இயங்கும் ஒரு புதிய நாட்குறிப்புச் செயலிக்கு மாற்றித் தந்தாள். இப்படிப்பட்ட செயலிகளை எழுதும் நம் பிள்ளைகள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான், மனைவி, தலைமைச் சமையல்காரரான மைத்துனர் மூவரும் எங்கே இருந்தாலும் ஒரே பக்கத்தைப் பார்க்கிறோம். ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு மனைவி வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக் குறித்தாள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சுவாமிமலையில் ஒருவர் அதே நாளுக்கு மைத்துனரிடம் பேச வந்தார். போனைப் பார்த்துவிட்டு, "அன்றைக்கு ஒப்புக்கொண்டாயிற்று" என்று அங்கேயே சொல்லிவிட்டார். நோட்டுக் காலமாக இருந்தால் ஒரு பெண் வீட்டார் முன் தலைகுனிந்து நின்றிருப்போம். இலைக் கட்டுக்கு, பாலுக்கு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லுக்கு என்று நினைவூட்டலும் தவறியதில்லை.

ஆனால் அதற்குத் திதி தெரியாது. ஒரு வீட்டுக்கு வருடாவருடம் திவசச் சமையல் எங்களுடையது. மாசி, தேய்பிறை தசமி. செயலியில் "ஆண்டுதோறும்" என்று போட்டேன். அதே ஆங்கிலத் தேதியைத்தான் மறு வருடமும் எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். திதி முன்னால் நகர்ந்துவிட்டது. முதல் நாள் இரவு எட்டரைக்கு அந்த வீட்டு அம்மா, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" என்று போன் செய்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. விடியற்காலை வாழைக்காயும் பிரண்டையும் தேடி அலைந்து சமாளித்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துச் செயலி மணி அடித்தது.

இது எங்கள் ஒருவர் பாடு மட்டுமல்ல. அமாவாசை, பிரதோஷம், கிருத்திகை, ஊர்த் திருவிழா என எதுவும் ஆங்கிலத் தேதியில் நிற்பதில்லை. ஆடிப்பெருக்கன்றே சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களை வெளியிடுகிறார்கள். உள்ளங்கை அகலத் தினசரித் தாளில் திதி, நட்சத்திரம், முகூர்த்தம் எல்லாம் அடங்குகிறது. செயலியிலும் அடங்கும். வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் சில நாள் திதி மாறும்.

தேடலிலும் ஒரு சிக்கல். "மண்டபம்" என்று தேடினால் "மண்டபத்தில்" என்று எழுதிய குறிப்பு வருவதில்லை. "வேலூர்" என்றால் "வேலூருக்கு" அகப்படாது. வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் கடைசி எழுத்து மாறும் என்பதை அது அறியவில்லை.

நாச்சியார்கோவில் பக்கம் ஒரு மண்டபத்தில் சிக்னல் இல்லை. தேதி கேட்டு வந்தவர் முன்னால் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியாகப் பார்த்த பக்கத்தையாவது போனிலேயே வைத்திருக்கக் கூடாதா?

எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. வுண்டர்லிஸ்ட் என்று பலரும் பயன்படுத்திய செயலியை 2015-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2020 மே மாதத்தில் மூடிவிட்டது. எங்கள் செயலியில் குறிப்புகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழியே இல்லை. நாட்குறிப்புகளை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் பொது வடிவம் 1998-லேயே வந்துவிட்டது என்கிறாள் மகள். அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமில்லை.

இப்போதைக்கு ஞாயிறு இரவுதோறும் அவள் திரையைப் பார்த்து வாசிக்கிறாள், நான் பழைய நோட்டில் எழுதிக்கொள்கிறேன். தை மாதத்துக்கு மட்டும் 14 கல்யாணம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு சமையல் காண்ட்ராக்டர்,
கும்பகோணம்.