'ஓகே' என்றால் 'சரி' மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சொல் விளக்கப் பக்கத்தில், 'ஓகே' அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிறந்ததாக வந்திருந்தது. இன்று யாரும் சாகவில்லை என்பதற்கு முகாமில் '0 K' என்று எழுதிவைத்த 'ஜீரோ கில்டு'தான் அதுவாம். அந்தப் போர் தொடங்கியதே 1861இல். 'ஓகே' அதற்கு 22 ஆண்டுகள் முன்பே, 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில் அச்சேறிவிட்டது. சொற்களை வேண்டுமென்றே தப்பாக எழுதி முதலெழுத்துகளை மட்டும் போடுவது அப்போது அங்கே பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. 'ஆல் கரெக்ட்' அப்படித்தான் 'ஓல் கொரெக்ட்' (oll korrect) ஆகி, ஓ.கே. ஆனது. மறு ஆண்டு அதிபர் தேர்தலில், கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்த மார்ட்டின் வான் பியூரனை 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று அழைத்து, ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கம் வைத்தார்கள். அவர் தோற்றுப்போனாலும் சொல் பரவிவிட்டது. ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர் 1960களில் இதையெல்லாம் பழைய பத்திரிகைகளிலிருந்து எடுத்துக் காட்டினார்.

இதைவிட என்னை வருத்தியது, 'பொருள்: சரி' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தது. நான் ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுகிறவள். படம் எப்படி என்று கேட்டு 'ஓகே' என்று பதில் வந்தால் 'சுமார்தான்'. தடுக்கி விழுந்தவரிடம் கேட்டால் 'அடி ஒண்ணும் படலியே?'. வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர் சொன்னால் 'ம், ஆரம்பிக்கலாமா'. நம் வீடுகளிலும் 'வரன் ஓகே ஆயிடுச்சு' என்றால் பேசி முடித்தாயிற்று, 'மாப்பிள்ளை ஓகேதான்...' என்று இழுத்தால் பிடிக்கவில்லை.

போன மாதம் ஒரு காட்சி. ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வருகிறார். நோயாளியின் மனைவி மூன்று முறை 'ஓகே' என்கிறாள். டாக்டர் பேச வாயெடுக்கும்போது முதல் தடவை; 'சொல்லுங்க' என்று எழுதினேன். கணவரால் இனி நடக்க முடியாது என்றதும் இரண்டாவது, வெறும் 'ம்...'. டாக்டர் போன பிறகு, நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி தனக்குத்தானே மூன்றாவது. அரை நாள் யோசித்து 'பார்த்துக்கலாம்' என்று போட்டேன். சரிபார்த்தவர் மூன்றையும் 'சரி' என்று மாற்றிவிட்டார். கணவன் இனி எழுந்து நடக்கமாட்டான் என்று கேட்ட பெண், திரையில் 'சரி' என்கிறாள். கேட்டால், அகராதியில் அப்படித்தான் இருக்கிறதாம்.

உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறவர்கள் என்னைப் போல் பலர். திருத்தம் வெளியிடும்போது ஆண்டை மட்டும் மாற்றாமல், யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னால் என்ன பொருள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி.