பின்னால் வரும் அலை மோட்டார் படகுக்கு நண்பன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்படையில் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய நம் பகுதிக்காரர் ஒருவரைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். "நல்ல காற்றும் பின்தொடரும் அலையும் அமையட்டும்" என்று அவரை வழியனுப்பியதைப் படித்து நெகிழ்ந்தேன். எனக்கும் அதே வாழ்த்தைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் அடுத்த வரி: "மோட்டார் படகுக்கும் இது பொருந்தும், பின்னால் அலை வந்தால் எஞ்சினுக்குப் பாதி வேலைதான்." திம்பம் மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும் லாரிக்கு எஞ்சின் வேலை மிச்சம் என்று நீங்கள் எழுதுவீர்களா ஐயா?

அது பாய்மரக் காலத்து வாழ்த்து. பாயில் நிறைந்த காற்று கப்பலை இழுத்துச் செல்லும். அலையும் அதே திசையில் வந்தால் பயணம் சுருங்கும். அந்தக் கப்பல்களின் பின்பக்கமும் உயரம். இன்றைய ஃபைபர் படகில் வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் மாட்டுவதற்காகவே பின்பலகையைத் தாழ்த்தியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே ஏறுவது அந்த வழியாகத்தான்.

உங்களுக்குத் தெரியாததல்ல, ஆழ்கடலில் 6 விநாடிக்கு ஒன்றாக வரும் அலை மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சுமையேற்றிய சிறு படகை அது எட்டிப் பிடித்து, பின்பக்கத்தைத் தூக்கி, மூக்கைப் பள்ளத்தில் குத்த வைக்கும். அலையுச்சியில் தண்ணீரும் படகின் திசையிலேயே ஓடுவதால் சுக்கானுக்குப் பிடி கிடைக்காது. படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் அப்படியே கவிழும். அதனால்தான் ஓட்டுபவர் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் முன்னால் போகும் அலையின் முதுகிலேயே படகை வைத்திருப்பார். உச்சியைத் தாண்டி முன்சரிவில் பாயவே விடமாட்டார். பெரிய கப்பலுக்கும் விலக்கில்லை. 100 மீட்டர் நீளக் கப்பலாக இருந்தாலும், நேர் பின்னால் அலை வரும்போது வேகம் 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) அளவைத் தாண்டினால் ஆபத்து என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2007-ல் தந்த வழிகாட்டுதலின் கணக்கு.

நான் கடற்படையில் எஞ்சின் பிரிவில் இருந்தவன். ஐப்பசிக் கடலில், கிழக்குக் கரையின் ஒரு முகத்துவாரத்துக்குள் மோட்டார் படகில் திரும்பும்போது பின்னாலிருந்து ஓர் அலை தூக்கியது. புரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே வந்து அலறியது. படகு பாதி திரும்பிவிட்டது. சுக்கான் பிடித்த பையன் பதறாமல் எஞ்சின் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் பிடி கிடைத்ததும் நிமிர்த்தினான். இந்தக் கடிதம் எழுத நான் இருப்பது அவனால்தான்.

பழையதையும் சொல்லிவிடுகிறேன். "மணிக்கு 25 நாட் வேகம்" என்று முன்பு அச்சிட்டீர்கள். நாட் என்றாலே மணிக்கு 1.852 கிலோமீட்டர், 'மணிக்கு' என்று தனியாகச் சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன், அந்தக் கடிதத்தை நீங்கள் அச்சிடவில்லை. 2017 மார்ச் 6 அன்று கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலான விராட்டின் கொடி கடைசியாக இறங்கியது. அத்தனை ஆண்டு உழைத்த கப்பலுக்கு உங்களிடம் ஒற்றைப் பத்திதான் கிடைத்தது. அணையில் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் சவாரி போகும் குடும்பத்தின் படத்தை "உற்சாகம்" என்று போட்டீர்கள். தொலைபேசியில் கேட்டேன். "நம்மூர்ல கடல் எங்கங்க இருக்குது?" என்றார் உங்கள் அலுவலகத்தில் ஒருவர். அந்தக் கேள்வி இன்றும் வலிக்கிறது.

பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே காவிரியை மோட்டார் படகில் கடப்பவர்கள் யார்? உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக்காற்று அணைத் தண்ணீரைச் சும்மா விடுமா? மேற்கேயிருந்து அது அடிக்கும்போது கிழக்குக் கரைக்குத் திரும்பும் படகுக்குப் பின்னால் வருவதும் அலைதான். கடற்படைச் சின்னத்திலுள்ள "சம் நோ வருண" என்ற வேத வாக்கைப் பரிந்துரைத்த ராஜாஜி, திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் நடத்தியவர். வருணன் எங்களுக்கு நலம் செய்யட்டும் என்பது அதன் பொருள். பாய்மரத்துக்கும் மோட்டாருக்கும் சேர்த்துச் சொல்ல அந்த வாழ்த்து இருக்கிறதே!

என் தங்கை பேரன் உங்கள் வரியைக் காட்டி, "பின்னால அலை வந்தா நல்லதுங்களாமா தாத்தா?" என்று கேட்டான். அடுத்த வாரம் நண்பர்களோடு படகுச் சவாரிக்குப் போகிறான். அவனுக்கு நான் சொல்லிவிட்டேன். மற்ற பிள்ளைகளுக்காக, வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். என் பெயர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கடற்படை எஞ்சின் மெக்கானிக்,
கோபிசெட்டிபாளையம்.